முன்னறையில் நார்வே

என் வீட்டுக்காரர் நார்வேயில் இருந்தது மொத்தம் நான்கு மாதம். அதைப் பற்றிப் பேசியது நாற்பத்திரண்டு வருடம்.

அப்போது கப்பலில் இரண்டாம் எஞ்சினியராக இருந்தார். ஒரு பனிக்காலத்தில் கப்பலின் எஞ்சினில் ஏதோ பெரிய பாகம் உடைந்துபோக, நார்வேயின் துறைமுகம் ஒன்றில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். புதுப் பாகம் வந்து சேர நான்கு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. மற்றவர்கள் கப்பலிலேயே சீட்டாடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ரயில் ஏறிவிடுவார். கடலோரத்திலிருந்து மலை உச்சிக்குப் போகிற ரயில். மேலே இறங்கி, கொஞ்ச நேரம் குளிரில் நடுங்கிவிட்டு, அடுத்த ரயிலில் கீழே வந்துவிடுவார். இப்படிப் பதினாறு ஞாயிறு.

வழி எனக்கு மனப்பாடம். முதலில் ஃபியோர்ட், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து படுத்திருக்கும் இடம். இடது பக்கம் ஒரு சிவப்பு மரவீடு, வாசலில் கவிழ்த்துப் போட்ட படகு. பிறகு இரும்புப் பாலம். பாலம் தாண்டியதும் வலது பக்கம் பாதி உறைந்த அருவி. முதல் சுரங்கம் சின்னது, கண்ணைச் சிமிட்டினால் முடிந்துவிடும். இரண்டாவது நீளம், காது அடைத்துக்கொள்ளும். அதைவிட்டு வெளியே வந்தால் ஒரே வெள்ளை. அந்த இடத்தில் எதிர் இருக்கைக் கிழவி ஒருத்தி ஆரஞ்சு உரித்து, ஒரு வார்த்தை பேசாமல் பாதியை இவர் கையில் வைப்பாள். கடைசியில் மஞ்சள் நிற மர ஸ்டேஷன்.

கல்யாணமான புதிதில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இருபதாவது வருடத்தில் காது புளித்துப்போனது. விருந்தாளி யாராவது வந்து, இவர் "நார்வேல ஒரு தடவை..." என்று ஆரம்பித்தால் நான் அடுப்படிக்குக் கம்பி நீட்டிவிடுவேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கடலில் இருந்த மாதங்களில் எங்கள் மகள் சோறு என்றாலே வாயை இறுக்கிக்கொள்வாள். அவளுக்கு ஊட்ட நானும் அந்த ரயிலைத்தான் ஓட்டினேன். பாலத்துக்கு ஒரு வாய், அருவிக்கு ஒரு வாய். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அங்கிருந்து ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்திருந்தார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் மின்சாரத்தில் ஓடும் ஒரு குட்டிப் பொம்மை ரயில் எஞ்சின், கூடவே அதில் கோக்க மூன்று நீள ரயில் பெட்டிகள். அதை அலமாரி மேல் வைத்து, "ரிட்டயர் ஆனதும் பாரு, அந்த ரயில் பாதையை அப்படியே கட்டுறேன்" என்றார். ரிட்டயர் ஆகிப் பதினோரு வருடம் தெருவில் இருக்கிறவர்களின் தண்ணீர் மோட்டாரையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பெட்டி மேல் தூசி ஏறியதுதான் மிச்சம்.

பிறகு கண் நோய் வந்து நின்றது. வலது கண்ணில் நடுப்பார்வை ஏற்கெனவே போயிருந்தது. இடது கண்ணிலும் அதே நோய் தொடங்கிவிட்டதாகக் கண் டாக்டர் சொன்னார். சின்னப் பெண், நல்ல மாதிரி. "ஊசி போட்டுப் பார்ப்போம் சார். ஆறு வருஷமும் தாங்கலாம், ஆறு மாசத்துலயும் போகலாம். உறுதியா சொல்ல முடியல."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தப் பெட்டியை இறக்கினார்.

"ஒரே ஒரு தடவை. கடலோரத்துல கிளம்பி மஞ்சள் ஸ்டேஷன்ல போய் நிக்கணும். அதை நான் என் கண்ணால பாத்துடணும். அப்புறம் எது வேணா ஆகட்டும்."

ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "முதல்ல ஸ்டூல்லேருந்து இறங்குங்க. எழுபத்தொரு வயசு."

மறுநாளே சோபா முன்னறையிலிருந்து வெளியேறியது. பழைய கதவுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு மேசை ஆக்கினார். தண்டவாளமும் கம்பியும் அவர் பாடு. "மலை உன் பொறுப்பு டாக்டரம்மா" என்றார்.

நான் டாக்டர் இல்லை. பல் செட் கட்டுகிறவள். முப்பது வருடம் எங்கள் பின்னறைதான் என் பட்டறை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கித் திருப்பி அனுப்புவேன். முட்டி வலி வந்து மூன்று வருடத்துக்கு முன் மூடிவிட்டேன். ஆனாலும் பிளாஸ்டர் இரண்டு மூட்டை மிச்சம் இருந்தது. சாதாரண வெள்ளை ஒன்று, கல்லாக இறுகும் மஞ்சள் ரகம் ஒன்று. மலைக்கு மஞ்சளைக் கலந்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

பனியில்தான் முதல் சண்டை.

"என்ன நிறம் வேணும்?"

"பனி என்ன நிறம் இருக்கும்? வெள்ளை."

"வெள்ளைல எது?"

முறைத்தார். நான் பின்னறைக்குப் போய்ப் பல் நிற அட்டையை எடுத்து வந்தேன். பதினாறு மாதிரிப் பல் வரிசையாக ஒட்டியிருக்கும்; ஆளுக்கு எது பொருந்தும் என்று வாயருகே பிடித்துப் பார்ப்பது. மனிதர் அசந்துபோனார். ஜன்னலருகே நின்று, ஒவ்வொரு பல்லையும் இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, நார்வேயை நினைத்துப் பார்த்து, அரை நாள் எடுத்துக்கொண்டார். உச்சியில் விழுந்த புதுப்பனிக்குக் குழந்தையின் பால் பல். தண்டவாளத்தின் ஓரத்தில் இரும்புத்தூள் படிந்த பனிக்கு, ஒரு நாளைக்கு ஆறு காபி குடிக்கிறவரின் பல். ஃபியோர்டுக்கு ஒரு பழைய அலமாரிக் கண்ணாடியை அடிப்பக்கம் வர்ணம் பூசிப் பதித்தோம். பாட்டில் கழுவும் பிரஷ்களை நறுக்கிப் பச்சை அடித்து மரங்கள் ஆக்கினேன். பல்லுக்குக் கிளிப் செய்கிற நிறமில்லாத பிசினை மெல்ல ஒழுகவிட்டதில் அருவி உறைந்து தொங்கியது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீ அங்க வந்திருக்கணும்" என்றார். கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளை வரச் சொன்னோம். இவர் பழைய சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். எஞ்சினுக்குப் பின்னால் மூன்று பெட்டிகளைக் கோத்து, மின்சாரம் விடும் குமிழைத் திருகினார். சிவப்பு வீடு தாண்டியது. பாலம். அருவி. முதல் சுரங்கம். இரண்டாவது சுரங்கத்துக்குள் எஞ்சின் நுழைந்தது, முதல் பெட்டி நுழைந்தது, கரக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ரயில் நின்றுவிட்டது, பின்னால் இழுத்தும் வரவில்லை.

"ஓட்டிப் பாத்தீங்கதானே?" என்றேன்.

"நூறு தடவை."

"எதை?"

"எஞ்சினை."

அந்தச் சுரங்கம் வளைவில் இருந்தது. எஞ்சின் குட்டை, எந்த வளைவிலும் நெளிந்து போய்விடும். பெட்டி நீளம், வளைவில் அதன் நடுவயிறு உள்பக்கச் சுவரில் இடிக்கும். முப்பத்து மூன்று வருடம் எஞ்சின் அறையிலேயே இருந்த மனிதருக்கு எஞ்சின் போனால் எல்லாம் போன மாதிரி. மேலே, பின்னால் என்ன வருகிறது என்பது அவர் இலாகா இல்லை.

"சரி, விடு. கீழ கைய விட்டு எடுத்துடலாம்" என்று மேசைக்கு அடியில் குனிந்தார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். "மலைக்கு ஓட்டை எங்க?"

"ஓட்டையா?"

"கை விடறதுக்கு."

"பிளாஸ்டர்ல ஒரு காத்துக் குமிழி இருந்தாக்கூட பல் செட்டு வாயில உக்காராது. நான் எதுக்கு ஓட்டை விடணும்?"

ஆமாம். ரயில் போகிற குழாயளவு தவிர, அந்த மலையை அடி முதல் உச்சி வரை இடைவெளி இல்லாமல் கல்லாக ஊற்றியிருந்தேன். மகள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்க ரெண்டு பேரையும் தேடிப் பிடிச்சுத்தான் கட்டி வச்சிருக்காங்க" என்றாள். நாங்களும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மலையைக் குடையப் பல் ராவுகிற மோட்டாரை எடுத்தேன். சின்ன முனை, ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுதான் நகரும். இரண்டாவது வாரம், கடலோரப் பாதையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் எரிச்சலாகக் கூப்பிட்டார்.

"மேசைமேல சாஞ்சியா? தண்டவாளம் வளைஞ்சிருக்கு பாரு."

இரும்பு ஸ்கேலை எடுத்துப் பாதை மேல் வைத்தேன். மயிரிழை இடைவெளி இல்லை.

"நேராத்தான் இருக்கு."

"எது நேரா? நடுவுல நெளியுது. இங்க. உனக்குக் கண்ணு தெரியலியா?"

மறுபடி வைத்தேன். மறுபடி நேராகத்தான் இருந்தது. அவர் தலையைத் தூக்கி வாசல் நிலையைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் நெளியுது" என்றார், மெதுவாக.

அன்று மாலையே இன்னொரு ஊசி போட்டார்கள். கண்ணுக்குள்ளே ஏற்கெனவே ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். பத்து நாளில் நடுப்பார்வை சுத்தமாகப் போய்விட்டது. ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியும். என் தோள் தெரியுமாம், முகம் தெரியாதாம். "பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல" என்று என்னைச் சீண்டிப் பார்த்தார். நான் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு முன்னறைப் பக்கமே வரவில்லை. உள்ளே ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அதைப் போர்வை போட்டு மூடிடு" என்றார்.

நான் மூடவில்லை. அந்த மலையில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டிருந்தால், அந்த ஞாயிறே பெட்டியை எடுத்திருப்போம், இரண்டு நாளில் சுவரைச் செதுக்கியிருப்போம், அவர் பார்த்திருப்பார். என் வேலைச் சுத்தம்தான் அவர் கண்ணை மறைத்தது. தினமும் மோட்டாரை ஓடவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. அழுதுகொண்டே குடைந்தேன். பெட்டியின் நடுவில் ஒரு பென்சிலைக் கட்டித் தள்ளி, அது கோடு கிழித்த இடத்தையெல்லாம் ராவினேன். மலையின் பின்பக்கம் திறந்து மூட ஒரு கதவு வைத்தேன். உடைந்த இடத்தில் அட்டையைப் பார்த்து மறுபடி பனி போட்டேன். மூன்று பெட்டிகளையும் மாட்டி நூறு தடவை ஓட்டினேன்.

ஒரு காலை, பத்து மணி வெயில் முன்னறையில் விழுந்திருந்தபோது, அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். வரமாட்டேன் என்றார்.

"எதுக்கு? கடுப்பேத்தவா?"

"டிக்கெட் எடுத்தாச்சு. உக்காருங்க."

ஃபியோர்டின் ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தேன். உட்கார்ந்தார். குமிழைத் திருகினேன். ரயில் நகர்ந்தது.

தலையைச் சாய்த்துக் கேட்டார். "மூணாவது பெட்டில ஒரு சக்கரம் உரசுது. எண்ணெய் போடல நீ."

"பேசாம வேடிக்கை பாருங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேறு வழி தெரியாமல் நானே பேச ஆரம்பித்தேன்.

"தண்ணி அசையாம கிடக்கு. இடது பக்கம் சிவப்பு வீடு வந்தாச்சு. படகைக் கவுத்துப் போட்டிருக்கான். வீட்டுப் புகைபோக்கில புகை வருது, உள்ள யாரோ காபி போடறாங்க."

"புகையா?" என்றார். "நான் அப்படிச் சொல்லலியே."

"பாலம் வருது, காலைத் தூக்கிக்கோங்க. வலது பக்கம் அருவி. பாதிதான் உறைஞ்சிருக்கு, மீதி தண்ணி அதுக்கு உள்ளாற ஓடுது. சின்னச் சுரங்கம். கண்ணைச் சிமிட்டுங்க. முடிஞ்சுது."

இரண்டாவது சுரங்கத்துக்குள் எஞ்சின் நுழைந்தது. அவர் கை இரண்டும் தானாகக் காதுக்குப் போயின. நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, மூன்று பெட்டி. அந்தப் பக்கம் எஞ்சின் மூக்கு தெரிந்தது.

"வந்துட்டோம். ஒரே வெள்ளை."

"எந்த வெள்ளை?"

"பால் பல்லு."

தலையாட்டினார். நான் மடியில் வைத்திருந்த ஆரஞ்சை உரித்து, பாதியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்தக் கிழவி பேசவே மாட்டா."

"இந்தக் கிழவி பேசுவா. சாப்பிடுங்க."

மஞ்சள் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்தினேன். அவர் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "பதினாறு தடவை போயிருக்கேன். அந்தப் புகையை நான் பாக்கவே இல்லியே. நீ எப்படிப் பாத்த?" என்றார்.

"நீங்க பதினாறு தடவைதான் போனீங்க. நீங்க கப்பல்ல இருந்தப்பல்லாம் நான் உங்க பொண்ணுக்கு மூணு வேளையும் அந்த ரயில்லதான் சோறு ஊட்டினேன்."

அவர் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. என்னைப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்துக்கொண்டார். பிறகு ஆரஞ்சை வாயில் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கீழ இறங்கற ரயில் எத்தனை மணிக்கு?"

"இதோ, கிளம்பப்போகுது" என்று குமிழை மறுபக்கம் திருகினேன்.