நம்பர் போடாத அச்சு

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போனதும், பல் அளவெடுக்கும் மாவைக் குழைத்து, வாய்க்குள் வைக்கிற சின்னத் தட்டில் நிரப்பி, என் வாய்க்குள் நானே திணித்துக்கொண்டேன். பல் செட் செய்யும் லேபில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான வாய்களின் அச்சு என் கைவழியாகப் போயிருக்கிறது. ஆனாலும் சொந்த வாய் என்றதும் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று நிமிடம் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டை உருவி, பதிந்த பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றி, அலமாரி ஓரத்தில் காய வைத்தேன். நான்கு மாதத்துக்கு முன் எடுத்த அச்சு கைப்பையில் துணி சுற்றிக் கிடந்தது. ஈறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்றால் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

எனக்குப் பதினைந்து வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதால் ஒன்பது வருடமாக வரவில்லை. ஈறை வளர்ப்பதும் அதே மாத்திரைதான். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லையாம். எனக்கு ஆகிறது, என் ராசி. முதலில் முன்பற்களுக்கு நடுவே பருப்பளவு தடித்தது, இப்போது பாதிப் பல்லை மூடிவிட்டது. இதில் வேடிக்கை, என் வேலையே ஈறு செய்வது. ரோஸ் மெழுகை உருக்கி ஈறு வடித்து, அதிகமாகப் போனதைக் கத்தியால் சீவி எறிகிறேன்.

கல்யாணத்தின்போது அம்மா சொல்ல வேண்டாம் என்றாள். நானும் சொல்லவில்லை. மாத்திரை இன்றைக்கும் வைட்டமின் டப்பாவில்தான் இருக்கிறது. டாக்டர், "வேற மாத்திரைக்கு மாத்திடலாம்மா. ஆனா மாத்தற சமயத்துல ஒரு தடவ வந்தாலும் வரலாம். வீட்ல சொல்லி வைங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் இரண்டு வருடமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மாற்றினால் உடம்பு காட்டிக்கொடுக்கும், மாற்றாவிட்டால் வாய் காட்டிக்கொடுக்கும். போன மாதம் என் வீட்டுக்காரர், "முன்ன மாதிரி நீ சிரிக்கிறதே இல்ல. எம்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டார். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் ஒருவன் விழுந்து துடித்ததைப் பார்த்துவிட்டு வந்து, "பாவம், அவனக் கட்டிக்கிட்டவ" என்று சொன்னதும் இதே மனிதர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அது வராது.

சாப்பிடப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். பிளாஸ்டர் ஊற்றி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வாசலில் என் வீட்டுக்காரர் நின்றார்.

"ஆபீஸ்ல கரண்ட் போச்சு. உனக்கு அரை நாள் லீவு கேட்டு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன். காமெடிப் படமாம்."

கையில் இருந்த செட்டைத் தேய்த்து முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி கிரைண்டரைப் போட்டேன். கிளம்பும் முன் அச்சைப் பையில் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். முதலாளி அவரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். முதலாளிக்கு எங்களுக்குள் ஜோசியர் என்று பெயர். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த ஆள் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர், இவர் நகம் கடிக்கிறவர் என்று பலன் சொல்லுவார். கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது. மூன்று வாய்க்குப் பலன் சொல்லிவிட்டு அலமாரி ஓரத்துக்குப் போனார். அச்சைத் தட்டிலிருந்து பிரித்தெடுப்பது எப்போதும் அவர் வேலைதான். இதை எப்படி மறந்தேன்?

"இதுல நம்பர் போடலையேம்மா. எந்த டாக்டர் அனுப்புனது?"

கிரைண்டர் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்தேன்.

"இங்க பாருங்க தம்பி, ஈறு எப்படிப் பல்லு மேல ஏறியிருக்கு. இது வலிப்பு மாத்திரை சாப்பிடற வாய். வருஷக்கணக்கா சாப்பிட்டிருக்கணும். சின்ன வயசு வேற, பல்லு தேயவே இல்ல. பாவம்."

அச்சு என் வீட்டுக்காரர் கைக்குப் போனது. நான் கிரைண்டரை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேனோ, அறை முழுக்க அமைதியாகிவிட்டது.

மேல் வரிசையில் இடது பக்கம் எனக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. கல்யாணமான புதிதில் அதை விரலால் தொட்டு, "இது மட்டும் வரிசையில நிக்காம என்னை எட்டிப் பாக்குது" என்பார். அந்தப் பல்லின் நுனி மட்டுந்தான் இப்போது வெளியே தெரிகிறது. அவருடைய கட்டைவிரல் அச்சின் மேல் மெதுவாக நகர்ந்து, இடது பக்கம் வந்ததும் நின்றது. கொஞ்சம் தாண்டிப் போய்விட்டு, மறுபடியும் அங்கேயே வந்தது.

"யாரோடதுன்னு பாத்து நம்பரப் போட்டு வைம்மா" என்றபடி முதலாளி அடுத்த அச்சை எடுக்கத் திரும்பிவிட்டார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அச்சை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டார்.

"சூடா இருக்கே" என்றார்.

"இப்பதான் ஊத்துனது. காயறப்ப கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்."

வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மூடிய விரல்களுக்கு இடையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.