வதீமின் பெயரையும் சொன்னார்கள்

இறந்துபோன தன் கணவன் மெத்ரோவின் ரப்பர் பூட்ஸைப் படியில் கொண்டுவந்து வைத்து, "இதப் போட்டுக்க, கல்லறைத் தோட்டத்துல சேறு கால இழுக்கும்" என்றாள் ஸ்டெஃபா. லரிசா வழக்கம்போல "நன்றிக்கா" என்றாள். அன்று காலையிலேயே காபிக்கு ஒரு நன்றி, மகளுக்குக் கிடைத்த கம்பளித் தொப்பிக்கு ஒரு நன்றி, குளியலறையை முதலில் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு நன்றி என்று சொல்லி முடித்திருந்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கலாம், தப்பில்லை. ஆனால் உப்பிட்டவரின் வீட்டிலேயே இருந்துகொண்டு, எழுந்ததிலிருந்து படுக்கிறவரை நினைத்துக்கொண்டே இருந்தால் நாக்கு கரிக்கத்தான் செய்யும்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படி. கனடாவில் சஸ்காட்சுவானின் இந்தப் புல்வெளிக்கு நாலு தலைமுறைக்கு முன்னால் உக்ரைனிலிருந்து வந்து மண்ணுக்குள் குழி தோண்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகள். அன்பு காட்ட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. இப்போதைய போருக்குத் தப்பி உக்ரைனிலிருந்து லரிசா மகளோடு விமானத்தை விட்டு இறங்கிய வாரத்தில் வந்து குவிந்த போர்வைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தையே தூங்க வைத்திருக்கலாம். ஸ்டெஃபா மாடியில் இரண்டு அறைகளைக் கொடுத்தாள். வாடகை என்று வாயெடுத்தால் காது கேட்காதவள் மாதிரி பாத்திரம் தேய்ப்பாள். பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். ஒன்பது வயது மகள் ஸ்லாத்தாவின் சொத்தைப் பல்லுக்காகக் கோயில் பெண்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடித்து விற்றார்கள்.

லரிசாவுக்கு இது எதுவும் தெரியாமலில்லை. இங்கே வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் மகள் இப்போது மேசைக்கடியில் ஓடுவதில்லை. சில காலைகளில் பனிமேல் வெயில் விழுந்து கிடக்கும்போது லரிசாவின் மனசு காரணமில்லாமல் நிறைந்துவிடும். நிறைந்த அடுத்த நொடியே வெட்கமாக இருக்கும், ஏனென்றால் அவள் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. கண்ணில் படுவதையெல்லாம் தனக்காக ஒரு முறையும் கணவன் வதீமுக்காக ஒரு முறையும் பார்ப்பாள். தெரு அகலத்துக்கு இருக்கும் விதைப்பு இயந்திரத்தைப் பார்த்தால் அவன் என்ன சொல்வான், அதற்கடியில் படுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வராமல் எப்படி உயிரை வாங்குவான் என்று தோன்றும். உக்ரைனில் கெர்சோன் பக்கத்துக் கிராமத்தில் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். கடையில் ஆண்களுக்கான காலுறை மலிவாகப் போட்டிருந்தால் அவன் அளவில் ஒரு கட்டு வாங்கிவிடுவாள். இழுப்பறை ஒன்று அதிலேயே நிரம்பிவிட்டது.

போர்முனையிலிருந்து கடைசியாகப் போனில் பேசியபோது அவன் அங்கே நடப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்வாசல் பாதாமிப் பழமரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டான். மறந்துவிட்டேன் என்றாள். "சரி, நானே வந்து பாத்துக்கறேன்" என்றான். அதற்குப் பிறகு பேச்சில்லை. தடயமின்றிக் காணவில்லை என்று படையிலிருந்து சொன்னார்கள். போன வருஷத்துப் பாதாமியும் பூத்து உதிர்ந்திருக்கும்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எங்களுக்குக் கல்லறை மந்திரிப்பு. பூசை முடிந்ததும் எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்குப் போய் மேலே துணி விரித்து, ரொட்டியும் முட்டையும் தொத்திறைச்சியும் எடுத்து வைத்து, செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வருவார். வீட்டில் மூத்தவர் பெயர்களைச் சொல்ல, தண்ணீர் தெளித்து, "என்றென்றும் நினைவில் நிற்க" என்ற பாட்டை மூன்று முறை பாடுவார். பாட்டு அழுகையாகத்தான் இருக்கும். அது முடிந்ததும் சிரிப்பும் வம்பும் கேட்கும். போன வருஷம் மந்திரிப்பின்போது லரிசாவுக்கு வேலை இருந்தது, வரவில்லை. இந்த வருஷம் ஸ்டெஃபா அவளுக்காக விடுப்பே கேட்டு வாங்கியிருந்தாள்.

தூறல் விட்டு விட்டு விழுந்தது. அடுத்த கல்லறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரெஸ்ட், ஸ்டெஃபாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், பூட்ஸைப் பார்த்துவிட்டு, "மெத்ரோவே நடந்து வர்றான்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். அவனுக்கு நான் ஒரு டிராக்டர் டயர் தரணும்" என்றார்.

"டயரோடயே போய்ச் சேரு. அங்க வெச்சுக் குடுத்துக்கலாம்" என்றாள் ஸ்டெஃபா.

லரிசாவும் சிரித்தாள். தன் அப்பாவின் கல்லறை எங்கேயோ உக்ரைனில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிரிப் படை பிடித்து வைத்திருக்கும் போக முடியாத இடத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. இந்தச் சேற்றில் இவர்களோடு நிற்பது ஒரு வகையில் ஆறுதலாகத்தான் இருந்தது.

சாமியார் வந்தார். ஐந்து ஊர்க் கோயில்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர். அங்கியின் ஓரமெல்லாம் சேறு. "பேருங்களைச் சொல்லுங்க" என்றார். ஸ்டெஃபா ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிவப்பு முட்டையைக் கல்லின்மேல் வைத்தாள். "இலாரியோன். பரஸ்கா. வாசில். அன்னா. மெத்ரோ." கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு முட்டையைக் கூடையிலிருந்து எடுத்தாள். "வதீம்."

சாமியார் தண்ணீர் தெளித்துப் பாட ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு அம்மாள் பின்னாலிருந்து லரிசாவின் தோளை மெதுவாக அழுத்தினாள். அந்தக் கை பட்ட பிறகுதான் காதில் விழுந்த பெயர் மண்டைக்குள் போனது. முதல் முறை பாடி முடித்தார்கள். இரண்டாவது முறை ஆரம்பித்தார்கள். இத்தனை நல்லவர்கள், இத்தனை கனிவான முகங்கள், எல்லோருமாகச் சேர்ந்து அவள் புருஷனைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்லாத்தா அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்பா செத்துட்டாரா? ஸ்டெஃபா பெரியம்மாவுக்குப் போன் வந்துச்சா?"

"இல்ல கண்ணு."

"அப்புறம் ஏன் பாடறாங்க?"

மூன்றாவது முறைக்குச் சாமியார் மூச்சு இழுத்தபோது லரிசா குறுக்கே போய் நின்றாள். "நிறுத்துங்க சாமி. என் புருஷன் சாகல. காணோம். அவ்வளவுதான்."

பாட்டு அறுந்தது. காது மந்தமான ஒரு கிழவர் மட்டும் இன்னும் ஒரு அடி பாடிவிட்டு, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து நிறுத்தினார். சாமியாரின் முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாதும்மா, மன்னிச்சுக்குங்க. உயிரோட இருக்கறவங்களுக்குத் தனி மன்றாட்டு இருக்கு. அதச் சொல்லட்டுமா?"

"இங்க வேண்டாம் சாமி. கோயிலுக்குள்ள சொல்லுங்க."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். கூட்டமும் தரையைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போனது. ஸ்டெஃபாவின் கை கூடைக்குள்ளேயே இருந்தது.

"நீ அழுது நான் பாத்ததே இல்லடி" என்றாள். "ராத்திரி குழாயத் தெறந்துவிட்டுட்டு அழற. அது எனக்குத் தெரியும். போய் நிக்க ஒரு இடம் இருந்தா மனசு ஆறும்னு நெனச்சேன். என் மெத்ரோவுக்குப் பக்கத்துல இடம் குடுத்தேன். வேத்தாளுக்கா குடுத்தேன்?"

"கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டா நீ சரின்னுதான் சொல்லுவ. எதக் கேட்டாலும் சரி, எதக் குடுத்தாலும் நன்றி."

அது உண்மைதான்.

ஸ்டெஃபா பரஸ்காவின் பெயர் வெட்டியிருந்த இடத்தைக் கையால் துடைத்தாள். "இவ எங்க கொள்ளுப்பாட்டி. கப்பலேறும்போது அம்மா, தம்பி எல்லாரையும் விட்டுட்டு வந்தா. கொஞ்ச வருஷத்துல கடுதாசி நின்னுபோச்சு. இருக்காங்களா இல்லையான்னு யார் சொல்லுவா? ஒரு மந்திரிப்புக்கு அவங்க பேரையும் சேத்துச் சொல்லிட்டா. அன்னைக்கி அழுது தீத்துட்டு மறுநாள் ஏர் பிடிச்சாளாம். அப்படி விட்டுத் தொலச்சதாலதான்டி இந்த மண்ணு வெளஞ்சுது. இங்க இருக்கற எல்லா வீட்டுலயும் இதான் வழக்கம். இல்லாட்டி இந்தக் குளிர்ல ஒரு நாள் தாங்கியிருக்க முடியாது."

"அந்தத் தம்பி கதையையும் சேத்துச் சொல்லு" என்றார் ஒரெஸ்ட், நாற்காலியிலிருந்து எழாமலே.

"நீ சும்மா இரு."

"இவங்க வருஷா வருஷம் பாடிக்கிட்டிருந்தாங்க. அந்த ஆளு சைபீரியாவுல மரம் அறுத்துக்கிட்டிருந்தான். கடைசியில ஒரு நாள் போட்டோ வருது, பக்கத்துல ரெண்டாவது பொண்டாட்டி. குளிருக்கு ஒரு கோட்டு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தான்." அவர் லரிசாவைப் பார்த்தார். "உயிரோட இருக்கறவனுக்குப் பாடிட்டா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்கம்மா. கவலப்படாத."

லரிசா அவருக்காகச் சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை. பரஸ்காவின் அம்மா எத்தனை காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. இங்கே மகள் தன்னையும் செத்தவர்களோடு சேர்த்துப் பாடிவிட்டு ஏர் பிடிக்கப் போனது அவளுக்குத் தெரிந்திருக்காது. தானும் பரஸ்கா மாதிரி வதீமை விட்டுவிடும் ஒரு நாள் வரும், இந்த நாடு தன்னையும் மெல்ல மெல்ல அங்கேதான் கொண்டுபோகும் என்று லரிசாவுக்குத் தோன்றியது. பயமாக இருந்தது. இங்கே நன்றாக இருக்கிறது என்பதுதான் அவளுக்கு இருந்த பயமே.

"அக்கா, நீங்க குடுத்தது எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன்" என்றாள். "வீடு, சோறு, பூட்ஸ் வரைக்கும். இத மட்டும் என்னால வாங்கிக்க முடியாது."

ஸ்டெஃபா முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத முகம். ரொட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள், தேவைக்கு மேலே தடிமனாக.

"அப்ப அந்த முட்டை யாருக்கு?" என்று கேட்டாள் ஸ்லாத்தா.

கல்லின்மேல் ஆறு முட்டைகளும் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. செத்தவர்களுக்கு வைத்ததை வீட்டார் தொடக் கூடாது. பறவைக்கோ பிச்சைக்காரனுக்கோ போக வேண்டியது. அது லரிசாவின் ஊரிலும் அப்படித்தான். ஸ்டெஃபாவின் கத்தி ரொட்டிக்குள் நின்றது. ஒரெஸ்ட் தொண்டையைச் செருமினார்.

லரிசா குனிந்து கடைசி முட்டையை எடுத்தாள். மழையில் சாயம் இளகி விரலெல்லாம் சிவந்தது. கார்ச் சாவியால் தட்டி ஓட்டை உரித்து மகளிடம் நீட்டினாள். சிறுமி ஸ்டெஃபாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குப் பாதி எடுத்து வெக்கலாமா?"

"வேண்டாம். முழுசும் நீயே சாப்பிடு. அப்பா வரும்போது வேற வேகவெச்சுக்கலாம்."

ஸ்லாத்தா தின்றாள். மஞ்சள் கரு தொண்டையை அடைத்தது. கண்ணில் நீர் முட்ட மென்று மென்று விழுங்கினாள். கடைசித் துண்டு உள்ளே போகிறவரை லரிசா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் சாமியார் வேலியோரத்துக் கல்லறைக்குப் போய்விட்டிருந்தார். அங்கே யாரோ ஒரு பெண் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். காற்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. முட்டை ஓட்டைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு லரிசா ஒவ்வொரு பெயரையும் கேட்டாள். அது வதீம் இல்லை என்று தெரிந்ததும், அடுத்ததற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.