துருவத்தின் இரட்டைத் துள்ளல்

இன்னும் ஒரு மணி நேரத்தில் நேர்முகம். ஆராய்ச்சிக்கூடத்தின் கை கழுவும் இடத்தில், கண்ணாடி முன்னால் நின்று நம்ம ஆள் புன்னகை பழகிக்கொண்டிருந்தான். சாதாரணப் புன்னகை இல்லை. மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்துவிட்டு, "அட, நானா செஞ்சேன்?" என்று கேட்கிறவர்கள் சிரிக்கும் அடக்கமான புன்னகை.

"என்ன மாப்ள, பல்வலியா?" என்றபடி மச்சான் உள்ளே வந்தான்.

மச்சான் என்றால் நிஜ மச்சான். மனைவியின் அண்ணன். இதே கூடத்தில் அளவுக் கருவியைக் கட்டி மேய்ப்பவன். கூட வேலை பார்த்த பழக்கத்தில் தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அது சரியான முடிவுதானா என்று அடிக்கடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி யோசிப்பவன்.

"சிரிச்சுக்கோ மச்சான். வருஷா வருஷம் நீட்டிப்பு, நீட்டிப்புன்னு ஓடின பொழப்பு. இன்னிக்கு வேலை நிரந்தரம். எழுதி வச்சுக்கோ."

நம்ம ஆளின் வேலை, பனி அறுப்பது. துருவத்தில் ஆழத் துளை போட்டு உருவியெடுத்த பனித்தண்டு, துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து சேரும். கோல்ட் ரூமில் நின்று ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பான். ஒரு பாதி சேமிப்புக்கு. மறு பாதியை மேலிருந்து கீழாக நறுக்கி, உருக்கி, வரிசையாகக் குப்பிகளில் அடைத்து மச்சானிடம் கொடுப்பான்.

தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று ரகம் உண்டு. துருவம் கொஞ்சம் கதகதப்பாக இருந்த காலத்தில் விழுந்த பனியில் கனமான ரகம் சற்றுத் தூக்கலாக இருக்கும். குளிர் வாட்டிய காலத்தில் குறையும். மச்சானின் கருவி அதை அளந்து சொல்லும். பனியில் ஆழம் போகப் போகக் காலமும் பின்னால் போவதால், தெர்மாமீட்டர் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னால் துருவத்துக்கு எப்போது ஜுரம் வந்தது என்று இங்கே உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

நம்ம ஆள் சொல்லியும்விட்டான்.

பனியுகம் முடிந்து துருவம் மெல்ல மெல்லச் சூடேறிய காலம். கோடு சாதுவாக ஏறிக்கொண்டே வருகிறது. திடீரென்று ஒரே தாவு! பிறகு நிதானமாக ஓர் இறக்கம். மறுபடியும் ஒரே தாவு! அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய ஏற்றம். உலகத்தில் வேறு யாருடைய பனியிலும் இல்லாத இரட்டைத் துள்ளல். கடல் நீரோட்டம், காற்று, எரிமலை என்று காரணங்களை அடுக்கி ஏழு பக்கம் எழுதினான். துள்ளலுக்குத் தன் பெயரையே வைத்தான். கேட்டால், "அவசரத்துல வேற பேரு ஞாபகம் வரல" என்பான். டைரக்டரம்மா அந்த ஏழு பக்கத்தைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, "இவரைப் போல ஒருவர் நமக்கு வேண்டும்" என்றும் சொல்லி வைத்திருந்தார்.

"சரி, நான்தான் குழுன்னு வச்சுக்கோ" என்று மச்சான் மார்பில் கைகட்டி நின்றான். "ரெண்டு தாவுக்கும் நடுவுல பனியில எவ்வளவு தூரம்?"

"ஒரு மீட்டர்."

"ஏறக்குறையவா?"

"கரெக்டா ஒரு மீட்டர். இயற்கைக்கு எவ்வளவு ஒழுங்கு பாரு மச்சான்! அதுக்குன்னே தனியா ஒரு பத்தி எழுதியிருக்கேன்."

மச்சான் மார்பில் கட்டிய கையை அவிழ்த்தான். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. நம்ம ஆளின் புன்னகை கன்னத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. கரெக்டாக ஒரு மீட்டர். அவன் தொழிலில் கரெக்டாக ஒரு மீட்டர் இருக்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான்.

பனித்துண்டு.

"மாப்ள," என்று மச்சான் மெதுவாக ஆரம்பித்தான், "ஒரு துண்டை மட்டும் நீ தலைகீழா வச்சு நறுக்கியிருந்தா..."

"வாயை மூடு."

"ஏறிக்கிட்டிருக்கிற கோட்டுல நடுத் துண்டைத் திருப்பிப் போட்டா, ஒரு தாவு, ஒரு இறக்கம், மறுபடி ஒரு தாவு. படமே போட வேண்டாம்."

"வாயை மூடுன்னு சொன்னேன்ல!" என்றான் நம்ம ஆள். ஆனால் கால்கள் ஏற்கெனவே கோல்ட் ரூமை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

அந்த நடுத் துண்டின் சேமிப்புப் பாதி அலமாரியில் இருந்தது. மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி அதன் மேல் பளிச்சென்று இருந்தது. அம்பின் நுனியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, எப்போதோ வெடித்த எரிமலையின் சாம்பல், மெல்லிய சாம்பல் நிற வரியாகப் பனியில் படிந்திருந்தது. நேராக வைத்து நறுக்கியிருந்தால் முதல் குப்பிகளில் ஒன்றின் அடியில் சாம்பல் படிந்திருக்க வேண்டும். மிச்சத் தண்ணீரோடு குப்பிகள் மச்சானின் அறையில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. "நான் போய்ப் பாக்கறேன்" என்று மச்சான் ஓடினான்.

கோல்ட் ரூம் வாசலுக்கு வெளியே, வரியை வெளிச்சத்தில் பார்க்க எடுத்து வந்த பனியை ஏந்திக்கொண்டு நம்ம ஆள் தனியாக நின்றான். அரை நிமிஷத்தில் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"கடைசிக்கு முந்தின குப்பி மாப்ள! அடியில சாம்பல்!"

முடிந்தது கதை. கொலைகாரனைத் தேடி வீடு வீடாக அலைந்த துப்பறிவாளன், கடைசியில் கைவிலங்கைத் தன் கையிலேயே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. குப்பியின் சாம்பலை எதனோடு ஒப்பிடுவார்கள்? அவன் கையில் இருக்கும் இந்தப் பனியோடு. இது ஒன்றுதான் சாட்சி. மிரட்ட வேண்டாம், கடத்த வேண்டாம், சும்மா இங்கேயே பிடித்துக்கொண்டு நின்றால் போதும். தானாகவே உருகி, தரையில் ஓடி, காய்ந்தும் போகும். மச்சானுக்கு வாய் நீளம்தான், ஆனால் தங்கை புருஷன் வேலை என்றால் வாயைத் தைத்துக்கொள்வான். நிரந்தரம். வாழ்க்கை முழுக்க நிரந்தரம்.

ஒரு சொட்டு அவன் ஷூவின் மேல் விழுந்தது.

"ஐயோ!"

அவ்வளவுதான். ஒரு சொட்டுகூட உருகவிடாமல் இத்தனை வருஷம் காவல் காத்த உடம்பு, அவனைக் கேட்காமலே உள்ளே பாய்ந்து, பனியை அலமாரியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு மூச்சுவாங்கியது. மனசாட்சி அதற்கப்புறம்தான் நிதானமாக வந்து சேர்ந்தது.

குழுவில் மூன்று பேர். ஓரத்தில் டைரக்டரம்மா, பெண்ணைப் பெற்றவள் பூரிப்பில். பழகி வைத்த புன்னகையைக் காணோம். "மேடம், சார், ஒரு சின்ன திருத்தம்" என்று ஆரம்பித்து, துண்டைத் தலைகீழாக வைத்து நறுக்கிய கதையைச் சொல்லி முடித்தான். சரியான பக்கம் திருப்பிய கோட்டையும் காட்டினான். தாவும் இல்லை, துள்ளலும் இல்லை. எல்லோருடைய பனியிலும் ஏறுகிற மாதிரி சாதுவாக ஏறியது.

நடுவில் இருந்த ஒல்லி மனிதர் அந்த ஏழு பக்கங்களைப் புரட்டினார். "அப்ப இதுல எதுவாவது உண்மையா?"

"பக்க எண் எல்லாம் சரியா இருக்கு சார்."

ஒல்லி மனிதர் இருமினார். சிரிப்பை விழுங்குகிறாரா, கோபத்தை விழுங்குகிறாரா என்று தெரியவில்லை. டைரக்டரம்மா எதையும் விழுங்கவில்லை.

"ஒண்ணு தலைகீழா போயிருக்குன்னா, மத்ததெல்லாம் நேரா இருக்குன்னு யார் சொன்னாங்க? நீங்க நறுக்கின ஒவ்வொரு துண்டையும் சேமிப்போட ஒப்பிட்டுப் பார்க்கணும். அது முடியற வரைக்கும் நிரந்தரங்கற பேச்சே எடுக்காதீங்க. இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு. அதுவும் நீங்களா வந்து சொன்னதால."

"சரி மேடம்."

"தனியா பார்க்க வேண்டாம். உங்க மச்சானும் கூட நிக்கட்டும்."

கதவுக்கு வெளியே காதை வைத்திருந்த மச்சானின் தலை, பலகையில் "டொக்" என்று இடித்துக்கொண்டது.

மதியமே ஆரம்பித்தார்கள். கோல்ட் ரூம் கோட்டு மச்சானுக்கு முழங்கால் வரை தொங்கியது.

"என் தங்கச்சிய உனக்குக் கொடுத்ததே போதாதுன்னு, என்னையும் ஃபிரீசர்ல வச்சுட்டியே. உருப்படுவியா நீ?"

"குப்பியப் பாரு மச்சான். மூணாவதுல தூசி இருக்கா?"

"இருக்கு."

நம்ம ஆள் சேமிப்புப் பாதியில் அம்பிலிருந்து விரலால் அளந்தான். தூசி வரி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முதல் துண்டு நேர். இரண்டாவதும் நேர். மூன்றாவதில் வரி சட்டென்று அகப்படவில்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பனியின் மேல் குனிந்தார்கள். அப்புறம் அகப்பட்டது. அதுவும் நேர்.

மச்சான் நடுங்கும் பல்லோடு நிமிர்ந்தான். "பரவால்ல மாப்ள. நீ ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல."

கூடத்தில் சேர்ந்த நாள் முதல் அவன் வேலையைப் பற்றி மச்சான் இவ்வளவு நல்லபடியாகச் சொன்னதில்லை. அடுத்த துண்டை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று, அம்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு மேஜையில் வைத்தான்.