அவள் பக்கத்துக் கடிகாரம்

நூலகர் எதையும் தொடங்குவதில் சூரர். பாதி வண்ணம் அடித்த சுவர் ஒன்று அவர் வீட்டில் ஆறு வருடமாக மீதிப் பாதிக்குக் காத்திருந்தது. மனைவி அவருக்கு வைத்த பெயர் யோசனைச் சக்கரவர்த்தி.

அவள் மருத்துவமனையில் தலைமைச் செவிலி. அன்று மாலை ஐந்து மணிக்கு அவளுக்குப் பணி ஓய்வு விழா. அதில் திரையிட ஒரு படம் செய்து தருவதாக எல்லோர் முன்னாலும் வாய் விட்டிருந்தார் நூலகர்.

"இதையாவது முடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் கிளம்பினாள்.

வீட்டில் இருப்பது ஒரே கணினி. மனைவியின் தம்பி, கணினி பழுது பார்ப்பவன், முந்தின வாரம் அதன் ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியில் அக்காவின் பழைய விண்டோஸ் அப்படியே இருந்தது. மறு பாதியில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் வீடியோ எடிட்டிங் மென்பொருளும் குடியேறின. கணினியைப் போட்டதும் 'அவள் பக்கம்', 'என் பக்கம்' என்று இரண்டு வரி வரும். பத்து நொடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக அவள் பக்கம் திறந்துகொள்ளும்.

"அது ஏன் மச்சான், அவ பக்கம்?"

"உங்களுக்குப் பத்து நொடி எந்த மூலைக்கு அத்தான்? நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அக்காவாவது வேலையப் பாக்கட்டுமே."

விழா நாளன்று நிறம் சரியாகத் தெரிய ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார். தொந்தரவு வேண்டாமென்று இணையத்தைத் துண்டித்து, போனை அலமாரியில் பூட்டினார். நேரம் கண்ணில் பட்டால் சிந்தனை கெடும் என்று தன் பக்கத்துத் திரையில் கடிகாரத்தையே மறைத்து வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி ஏற்கெனவே மௌஸுக்குள் போயிருந்தது. படம் வளர்ந்தது. கடைசிக் காட்சிக்கு மட்டும் அவளுடைய புகைப்படம் ஒன்று தேவைப்பட்டது.

அவள் பக்கம் போனார். மூலையில் மணி ஒன்பது. இன்னும் எட்டு மணி நேரம்! வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வேலை, நேரத்தை முந்தியிருந்தது.

அங்கே 'அவர் முடிக்காதவை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தார். பாதிச் சுவர். கதவில்லாத அலமாரி. பிரித்துப் போட்ட மின்விசிறி. எல்லாப் படத்திலும் ஓர் ஓரமாக அவர் நின்றிருந்தார், தாடையில் கை வைத்து, எங்கோ பார்த்தபடி. நாற்பது படங்களாவது இருக்கும். ஒன்றுகூட அவருக்குத் தெரிந்து எடுத்ததில்லை. கேலியா, இல்லை வேறு ஏதாவதா? அந்தக் கேள்வியோடு நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

கதவு உடைவதுபோல் தட்டப்பட்டது. வெளியே மச்சான், புதுச் சட்டையில்.

"அத்தான்! மணி நாலே கால்!"

"போய்யா, பத்தே முக்கால்தான்."

திரையைப் பார்த்த மச்சான் தலையில் கை வைத்தான். "கெட்டுது போங்க! ரெண்டு பக்கத்துக்கும் பெட்டிக்குள்ள ஒரே கடிகாரம் அத்தான். உங்க பக்கம் அதை உலகப் பொது நேரத்துக்குத் திருப்பி வெச்சிருக்கு. அக்கா பக்கம் அதை நம்ம ஊர் நேரம்னு நம்பிடுச்சு. அஞ்சரை மணி நேரம் பின்னால போயிடுச்சு. மாத்தி வைக்க மறந்தே போயிட்டேன்."

படத்தைத் தனிக் கோப்பாக எடுக்க நேரமில்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அரங்கத்தின் பெரிய திரையில் இரண்டு வரிகள் தோன்றின. அறுபது பேர் பார்த்தார்கள். 'என் பக்கம்' என்பதை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கடைசிக் காட்சி இல்லாத படத்தைக் காட்டலாமா என்று நூலகர் யோசித்தார். செவிலியர் கூட்டம் கோரஸாக எண்ணத் தொடங்கியது. "அஞ்சு, நாலு, மூணு..."

அவள் பக்கம் திறந்தது.

"அது என்ன ஃபோல்டர், 'அவர் முடிக்காதவை'?" என்றார் முன்வரிசையிலிருந்த தலைமை மருத்துவர்.

மனைவி மேடையேறி மௌஸைப் பிடுங்கினாள். "இது எங்க வீட்டுச் சுவர். ஆறு வருஷமா ஐ.சி.யூ.வுல இருக்கு." அரங்கம் அதிர்ந்தது. நாற்பது படத்துக்கும் ஆளுக்கொரு நோய் சொன்னாள். சிரித்துச் சிரித்துத் தலைமை மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டலுக்கு நடுவே நூலகர் தாழ்ந்த குரலில் கேட்டார். "எதுக்கு இதெல்லாம் எடுத்து வெச்சே?"

"நேரா கேமராவப் பாத்தா மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்குவீங்க. யோசிக்கறப்பதான் பாக்க நல்லா இருக்கீங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "என் படம்தான் பாதியில நிக்குது..."

அவள் திரையின் மூலையைக் காட்டினாள். மணி பன்னிரண்டே கால்.

"என் பக்கத்துல இன்னும் நேரம் இருக்குல்ல? வீட்டுக்கு வந்து முடிங்க."