நான் உடைக்காத சர்வர்

விடியும் முன்பே வந்து சர்வர்களை உடைப்பது என் வேலை. சுத்தியலால் இல்லை, விரலால். ஒன்றில் நினைவகத்தைப் பாதியாகக் குறைப்பேன். இன்னொன்றில் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல் இருப்பேன். வேறொன்றில், கூட்டம் கூட்டமாகக் கோரிக்கைகள் வரும் இடத்தில் ஒரே ஒரு வழியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடைப்பேன். அந்த நேரத்தில் ஏசிக் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும். விசிறிகளின் இரைச்சலில் தலை கனக்கும். சால்வையைப் போர்த்திக்கொண்டு, மரத்துப்போன விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றிச் சூடேற்றி உடைப்பேன். வகுப்பு கூடுவதற்குள் எல்லாம் ஒழுங்காகக் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் மென்பொருளைத் தாங்கி ஓடும் சர்வர் திடீரென்று நின்றால் எங்கே பார்ப்பது, எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள், கிடைத்த வேலையும் போனவர்கள் வந்து உட்காருவார்கள். சம்பளம் கிடையாது. சான்றிதழ் வாங்கினால் வேலை என்று ஆசை காட்டி வைத்திருந்தது நிறுவனம். எனக்கு அவர்கள் வைத்த பெயர் உடைப்பு டீச்சர். பயிற்சி சர்வர்களுக்கு நான் வைத்த பெயர் வெங்காயம், தக்காளி, கேரட். "தைரியமா கை வைங்க. கெட்டுப்போனா குடி முழுகிடாது, நான் இருக்கேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

வாடிக்கையாளர்களின் நிஜ சர்வர்களை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவர்கள் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். போன மாதம் அத்தனை பேரையும் ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் என் வகுப்பில் புதிதாக ஒரு சர்வர் முளைத்தது. பெயர் பீட்ரூட்.

"இது கூடுதல் பயிற்சி. இதை நானே உடைச்சு வைக்கிறேன், நீங்க தொட வேண்டாம்" என்றார் மேலாளர். இந்த மனுஷனுக்கு உடைக்கக்கூடத் தெரியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மின்னஞ்சல் திறக்கவே ஆள் கூப்பிடுகிறவர் அவர்.

வகுப்பிலேயே மூத்தவள் எங்கள் சித்தி. எல்லோருக்குமே அவள் சித்திதான், எனக்கும்கூட. கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு, பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டு, என்றோ படித்த படிப்பைத் தூசு தட்டிக்கொண்டு வந்தவள். "டீச்சர், இந்தச் சான்றிதழ் கிடைக்கலைன்னா நான் நடுத்தெருதான்" என்று வெளிப்படையாகவே சொல்லுவாள்.

அன்று பீட்ரூட் அவள் கைக்கு வந்தது. கோரிக்கைகள் வந்து வந்து அப்படியே நின்றுகொண்டிருந்தன. சித்தி மூக்கைத் திரையில் ஒட்டாத குறையாகப் பதிவுகளைப் படித்தாள்.

"எல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது டீச்சர். மொத்தமா நிறுத்திட்டு எழுப்பிப் பாக்கட்டுமா?"

"பயிற்சிதானே, பாருங்க" என்றேன்.

நிறுத்தினாள். எழுப்பினாள். அது எழவில்லை.

அடுத்த முயற்சிக்கு அவள் கை போவதற்குள் மேலாளர் ஓடிவந்தார். மேசைக்கடியில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவது அவர் பழக்கம். அப்படியே வெறுங்காலோடு வந்து நின்றார்.

"எவ கை வச்சது?"

"நான்தான் சார்." சித்தி எழுந்தாள். "பயிற்சி சர்வர்தானேன்னு..."

"பயிற்சியா? அங்க ஆஸ்பத்திரியில..." என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வகுப்பு முழுதும் அவர் காலையே பார்த்தது. பயிற்சி சர்வர் செத்தால் யாரும் வெறுங்காலோடு ஓடிவர மாட்டார்கள். நான் பீட்ரூட்டின் பதிவுகளைத் திறந்தேன். மருந்துப் பெயர்கள், வார்டு எண்கள், குழந்தைகள் பிரிவு, மறுபடியும் குழந்தைகள் பிரிவு. ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக்கூடத்தையே பெயர் மாற்றி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்! மூன்றாவது மாடிக்காரர்களைத் துரத்திவிட்டு, அவர்கள் செய்த வேலையை, சம்பளமில்லாத இவர்களிடம், இவர்களுக்கே தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள்.

"வெளிய போ" என்றார் மேலாளர் சித்தியிடம். "சான்றிதழும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

சித்தி போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். "முதல்ல அங்க மருந்து போகட்டும் சார். அப்புறம் துரத்துங்க."

எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டோம். வகுப்பில் சோடாபுட்டி என்று நாங்கள் கேலி செய்கிற தடித்த கண்ணாடிக்காரனின் சொந்த அண்ணன் மூன்றாவது மாடியில் வேலை போனவர். அவன் அவருக்குப் போன் போட்டான். "டேய், அதை எழும்ப விடாம தடுக்கிற பழைய பூட்டுக் கோப்பு ஒண்ணு அங்கேயே கிடக்கும். அதை அழிச்சிட்டு எழுப்புங்கடா" என்று அண்ணன் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சித்தி தேடினாள், கண்டுபிடித்தாள், அழித்தாள். பீட்ரூட் எழுந்தது. தேங்கி நின்ற மருந்துச் சீட்டுகள் திரையில் நகர ஆரம்பித்தன. யாரும் கை தட்டவில்லை.

மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இருந்த தொலைபேசியில் யாரையோ காத்திருக்க வைத்திருந்தார்.

"மருந்துக்கூடத்துப் பொறுப்பாளர் லைன்ல இருக்காங்க. 'தொடாதேன்னு நான் சொல்லியும் கேக்காம ஒரு ஊழியர் தொட்டுட்டா, நீக்கிட்டோம்'னு சொல்லுங்க. ஒரு வரி போதும்."

"ஊழியரா? சித்தி எப்ப சார் ஊழியர் ஆனாங்க? சம்பளம் குடுக்கிறப்ப இல்லையே, பழி போடுறப்ப மட்டுமா?"

"ரொம்பப் பேசாதீங்க. உங்க இடத்துக்கு நாளைக்கே ஆள் வரும்."

"தாராளமா வரட்டும்."

கதவைத் திறந்து வகுப்பைக் கூப்பிட்டேன். தொலைபேசியின் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"யாருங்க நிறுத்தினது?" அந்தப் பக்கத்துப் பெண் குரல் சீறியது. "காலையில இருந்து ஜனங்க என் மூஞ்சியில காறித் துப்பாத குறைதான்!"

"நான்தாங்க" என்றாள் சித்தி. "பயிற்சி மெஷின்னு சொல்லித்தான் என் கையில குடுத்தாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது."

"எங்க நோயாளிங்களை வச்சா பழகுறீங்க?"

"எங்களுக்கே இப்பத்தாங்க தெரியும்."

பிறகு அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள்: "இதை எழுதிக் குடுப்பீங்களா?"

சித்தி வாய் திறக்கும் முன்பே சோடாபுட்டி சொன்னான்: "எல்லாருமே குடுப்போம்."

மேலாளர் வயரைப் பிடுங்கி எறிந்தார்.

மறுநாள் விடியலில் நான் எதையும் உடைக்கவில்லை. கதவைத் திறக்கும் என் அட்டைக்கு வாசல் சிவப்பு விளக்குக் காட்டியது. ஒவ்வொருவராக வந்து அட்டையை வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சிவப்புதான். பனியில் நடுங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றோம். பிறகு சோடாபுட்டியின் அண்ணன் வந்தார். அவருக்குப் பின்னால் மூன்றாவது மாடியே வந்தது. பிளாஸ்கில் சூடாகத் தேநீர் கொண்டுவந்திருந்தார்கள். ஒரே கோப்பையை மாற்றி மாற்றிக் குடித்தோம். முந்தின நாள் வரை நாங்கள்தான் தங்கள் வேலையைத் தட்டிப் பறித்தோம் என்று அவர்களில் சிலர் வைதிருக்கிறார்கள். அதையும் அண்ணன் மறைக்காமல் சொன்னார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேலாளர் ஓடிவந்தார்.

"டீச்சர், காலைப் பாருங்க!" என்றான் சோடாபுட்டி.

வெறுங்கால்.

கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். "பீட்ரூட் மறுபடி நின்னுடுச்சு. அந்தம்மா மட்டும் உள்ள வரட்டும். சான்றிதழ் இன்னைக்கே கையில தர்றேன். வேலையும்தான்."

எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். அவள் உள்ளே போயிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்தி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மருந்துக்கூடத்து அம்மாகிட்ட விடியும்போதே பேசிட்டேன் சார், அப்பவே நின்னு போச்சுன்னாங்க. இன்னைக்கு மருந்துச் சீட்டை அவங்க கையாலயே எழுதிக் குடுக்குறாங்க, யாருக்கும் மருந்து நிக்காது. நான் வர்றேன். ஆனா தனியா வரமாட்டேன். மூணாவது மாடிக்காரங்க அவங்கவங்க வேலைக்கு வரணும். எங்க வகுப்பு பாத்த வேலைக்குச் சம்பளம் வரணும். என்மேல போட்ட பழியை நீங்களே எடுக்கணும்."

"அதெல்லாம் நடக்காது!"

"அப்ப நீங்களே எழுப்புங்க சார். தினம் நீங்கதானே உடைச்சு வச்சீங்க?"

மூன்றாவது மாடிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன், ஜில்லென்று இருந்தது. அண்ணன் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தார். மேலாளரின் கை கதவின் பிடியிலேயே இருந்தது. அவர் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. குளிர்ந்த தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நாங்கள் எல்லோரும் செருப்புப் போட்டிருந்தோம். எவ்வளவு நேரமானாலும் நிற்க எங்களால் முடியும்.