பெட்டிக்குள் ஓடிய கடிகாரம்

உப்பளத்துப் பம்பு காலை ஆறு மணிக்கு ஓட வேண்டும். திங்கட்கிழமை பன்னிரண்டு நிமிடம் பிந்தியது, செவ்வாய்க்கிழமை இருபத்தைந்து. பம்பைத் தானாக ஓடவைக்கும் டைமர் பெட்டியைச் செய்து கொடுத்த சனோபருக்கு யார் மேல் சந்தேகப்படுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கையால் சுவிட்சு போட்டு வந்த சகாயமேரிக்கு அந்தப் பெட்டி வந்ததே பிடிக்கவில்லை.

சனோபர் நேரத்தைச் சரிசெய்து, யாராவது திறந்தால் தெரியட்டும் என்று மூடியின் திருகாணிகள் மேல் நெயில் பாலிஷ் வைத்துவிட்டுக் கூனிமேட்டு வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தாள். சாயம் அப்படியே இருந்தது. நேரம் மட்டும் பிந்தியிருந்தது. திறந்துவிட்டு மறுபடி பூச, நெயில் பாலிஷ் எந்தக் கடையிலும்தான் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"பெட்டியில யாரோ கை வைக்கிறாங்க பாய்" என்றாள் உப்பள முதலாளி தாஹாவிடம். பெயர் சொல்லவில்லை. பெட்டி இருந்த பம்புக் கொட்டகையின் சாவி அன்றே சகாயமேரியிடமிருந்து வாங்கப்பட்டது. உப்பு வாரப் போகச் சொன்னார்கள்.

அப்புறமும் பம்பு பிந்தியது. மாற்றுச் சாவி வைத்திருப்பாளோ? ஒரு நாள் முழுக்கக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சனோபர் காவல் காத்தாள். மத்தியானம் தண்ணீர் குடிக்க வந்த சகாயமேரி எதிரில் நின்றாள்.

"எம்மேலதான் சந்தேகம்னு தெரியும்மா. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வெயில் கொளுத்தற நாள்ல அது ரொம்ப லேட்டாவுது. நடுவுல ஒருநாள் வெயிலே இல்லாம மோடம் போட்டுச்சே, அன்னிக்கு முந்தின நாளவிட அஞ்சு நிமிஷம்கூட ஏறல. நான் கை வைக்கறதா இருந்தா வானத்தப் பாத்தா வைப்பேன்?"

சனோபருக்குச் சுருக்கென்றது. பெட்டியை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. சூட்டுக்குத் தகுந்தபடி அது தடுமாறும். அதனால்தான் வெளியே நேரத்தைத் துல்லியமாக எண்ணும் கிரிஸ்டல் ஒன்றைச் சேர்த்து அவள் பற்றவைத்திருந்தாள். பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் அந்தக் கிரிஸ்டலைக் கழற்றினாள். அதைக் கேட்டுத்தான் ஓடுகிறதென்றால் சிப்பு நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை, விளக்கு அது பாட்டுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. கிரிஸ்டலைக் கேட்டு ஓடும்படி சிப்பின் அமைப்பை மாற்ற மறந்தவள் அவளேதான்.

அமைப்பை மாற்றி, கிரிஸ்டலைத் திரும்பப் பற்றவைத்தாள். விடிந்ததும் தாஹாவிடம் நடந்ததைச் சொன்னாள். பிறகு உப்புப் பாத்திக்கு நடந்தாள்.

"தப்பு என்னுதுதான்க்கா. மன்னிச்சிடுங்க."

சகாயமேரி உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்கவில்லை. "சாவி?"

"பாய் உங்ககிட்டயே குடுக்கச் சொல்லிட்டாரு."

அதன்பின் பம்பு நிமிடம் தவறவில்லை. ஆனால் சனோபர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சகாயமேரி வாசலில் நின்று, மூடி முடிக்கும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.