ஜம்புலிங்கம் வீட்டு ஜன்னல்கள்

பட்டாபிராம் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடியே கம்பெனி வேலை பார்க்கும் ஜம்புலிங்கத்துக்கு, மகளின் கோடை விடுமுறையில் ஒரு ஞானம் பிறந்தது. பழைய பிரெஞ்சு தத்துவஞானி ஒருவரைப் பற்றி இணையத்தில் ஒரு பேச்சைக் கேட்டிருந்தார். மனிதன் பிறக்கும்போது நல்லவன்தான், சமூகம்தான் அவனைக் கெடுக்கிறது. குழந்தையை அதட்டக் கூடாது, தண்டிக்கக் கூடாது, செய்த காரியத்தின் விளைவே அதற்குப் பாடம் சொல்லும் என்பது அந்த ஞானியின் கட்சி.

அந்த வாரமே ஆறு வயது அகல்யா பந்தடித்துத் தன் அறை ஜன்னலை உடைத்தாள்.

"கண்ணாடி போட ஆளைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி வசந்தா.

"வேண்டாம். கொசு கடிக்கட்டும், தானா புரிஞ்சுக்குவா."

இரண்டு வருஷமாகத் திறக்க வராமல் சிக்கிக் கிடந்த ஜன்னல் அது. உடைந்ததும் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. அகல்யா கொசுவலைக்குள் சுகமாகத் தூங்கினாள். அதே அறையில் மேஜை போட்டிருந்த ஜம்புலிங்கத்தைத்தான் கொசு பிடுங்கித் தின்றது. வீடியோ மீட்டிங்கில் அவர் தன்னையே அறைந்துகொள்வதைப் பார்த்து மேனேஜர், "ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்தார்.

நான்காம் நாள் காலை ஹாலில் சடசடவென்று சத்தம். சப்பாத்திக் கட்டையோடு நின்றிருந்தாள் அகல்யா. ஹால் ஜன்னலும் போயிருந்தது.

ஜம்புலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு மென்மையாகக் கேட்டார். "ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"பாவம்ப்பா நீ. எல்லாக் கொசுவும் உன்னையே கடிக்குது. இங்கயும் ஓட்டை போட்டா பாதி இந்தப் பக்கம் வந்துடும்ல?"

ஜம்புலிங்கம் பெருமையோடு மனைவியைப் பார்த்தார். "பாத்தியா, இயல்பாவே எவ்ளோ நல்ல மனசு!"

"அவ நல்லவதான். நீங்கதான் கண்டதைக் கேட்டுக் கெட்டுப்போயிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, வசந்தா தானே கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள்.

குமணன்சாவடியில் கடை வைத்திருக்கும் நஜீர் வந்தார். அளவெடுத்தபடியே ஜம்புலிங்கம் சொன்ன ஞானியின் கதையை முழுக்கக் கேட்டார்.

"அந்த அண்ணாத்தைக்கு எத்தினி பசங்க சார்?"

ஜம்புலிங்கம் தயங்கினார். "அஞ்சுன்னு சொல்றாங்க. பொறந்ததுமே அஞ்சையும் அநாதை விடுதியில விட்டுட்டாராம்."

நஜீர் அளவை எழுதிக்கொண்டு தலையாட்டினார். "அதான பாத்தேன். அவரு ஊட்டு ஜன்னலுக்கு ஒண்ணும் ஆயிருக்காது சார்."

வசந்தா சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள். அதற்குள் அகல்யா, தரையில் மினுங்கிய ஒரு கண்ணாடிச் சில்லை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாதே!"

கத்தியது தான்தான் என்பது ஜம்புலிங்கத்துக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அகல்யா சட்டென்று கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அழவில்லை. அப்பாவை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"தொடாதேன்னா தொட மாட்டேன்ப்பா. உடைக்காதேன்னு மட்டும் ஏன் நீ சொல்லவே இல்லை?"